டிஃபரன்ஷியல் எண்ணெய்: சிங்கப்பூர் வெயிலுக்கும் ஜோகூர்ச் சேற்றுக்கும்

எஞ்சினின் சுழற்சியை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அதற்கான எண்ணெய் கடையில் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று வரிசையாக இருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 75 என்பதை மைனஸ் 40 டிகிரியிலும், 80ஐ மைனஸ் 26லும், 85ஐ மைனஸ் 12லும் சோதிக்கிறார்கள். நம் ஊர் விடிகாலையில் 24 டிகிரி. ஆகவே அந்த எண்ணுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். 75டபிள்யூ-90 பெரும்பாலும் சிந்தெடிக், சூட்டில் சீக்கிரம் கெடாது. வாங்குவதானால் அதற்காக வாங்கலாம். பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. பல வண்டிகளுக்கு 90 போதும். பாரம் இழுக்கிற வண்டிக்கு 140 என்று கையேடு சொன்னால் மட்டும் அதற்குப் போங்கள். தேவையில்லாத கெட்டி எண்ணெய் டீசலைத்தான் குடிக்கும்.

இந்த எண்களைவிட முக்கியம், கியர் எண்ணெயின் தரத்தைச் சொல்லும் ஜிஎல்-5 என்ற முத்திரை. டிஃபரன்ஷியலின் ஹைபாய்ட் (மையம் விலகிப் பொருந்தும்) பற்கள் உருளும்போதே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தேய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்குவது ஜிஎல்-5இல் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம். ஜிஎல்-4இல் அது குறைவு, ஊற்றினால் பல் தேயும். மீந்த ஜிஎல்-5ஐ மேனுவல் கியர்பாக்ஸில் கவிழ்த்துவிடாதீர்கள். உள்ளே கியர் மாற்றத்தை இசைவாக்கும் பித்தளை சின்க்ரோ வளையம் இருந்தால் அதற்கு ஆகாது. நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி விஷயம். சிலவற்றுக்குக் கியர் எண்ணெய், சிலவற்றுக்கு ஏடிஎஃப் எனும் ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய். கையேட்டைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

பின்னால் இருப்பது, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலா (எல்எஸ்டி) என்று தெரியாவிட்டால், இரண்டு பின்சக்கரங்களையும் ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலும் சாதாரணம். அதே திசை என்றால் எல்எஸ்டி; அதற்கேற்ற எண்ணெய் வேண்டும். தவறானதை ஊற்றினால், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுழல்பாதையில் ஏறும்போது பின்பக்கம் கடகடவென்று உதறும்.

மாற்றும் வேலையை வீவக கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன. பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். கால் மணி நேரம் ஓட்டி எண்ணெய் சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்த வேண்டும். முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள நிரப்பும் மூடியை. கீழே வடித்துவிட்டு மேல்மூடி துருப்பிடித்துத் திறக்காவிட்டால் வண்டி நகராது! பிறகு வடிமூடி. அதன் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு. சில்லு, ஊசி போன்ற துண்டுகள் என்றால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டு மூடுங்கள். துளையின் கீழ்விளிம்பில் எண்ணெய் வழியத் தொடங்கும்வரை நிரப்பி, வழிவது நின்றதும் மேல்மூடியைப் போடுங்கள். அதிகம் ஊற்றினால் நுரைத்து சீல் வழியாகக் கசியும்.

சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றலாம். பாரமும் சேறும் என்றால் 20,000. ஆற்றில் இறங்கி வந்தால் கணக்கே வேறு. கோத்தா திங்கி பக்கம் ஓடி சூடேறிய டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். காற்று போய்வரும் துளையான பிரீதர் தண்ணீருக்குள் இருந்தாலோ அடைத்திருந்தாலோ, அந்த உறிஞ்சல் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வடிந்தால் நடந்தது அதுதான். உடனே வடித்து, மலிவான ஜிஎல்-5 ஊற்றிச் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, மறுபடி வடித்து, நிறம் தெளிந்த பிறகு நல்ல எண்ணெய் ஊற்றுங்கள். பிரீதர் குழாயை நீட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோவது சில வெள்ளிச் செலவு. அடைத்த பிரீதருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, ஆக்சில் சீல் வழியாக எண்ணெய் பின்பிரேக்குக்குள் போகும். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கறை தெரிந்தால், சீலை மாற்றுமுன் பிரீதரைப் பாருங்கள். இல்லாவிட்டால் புது சீலும் அதே வழியில் கசியும்.