அமெரிக்காவுக்குத் தபாலில் விதை அனுப்புவது எப்படி? முதல்முறை அனுப்புபவர்களுக்கான செய்முறை

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா, வீட்டுப் பின்புறம் இடம் சும்மா கிடக்கிறது, நம் ஊர்க் கத்தரி விதை கொஞ்சம் அனுப்பேன் என்கிறார். ஒரு சின்னக் கவரில் போட்டு, பொங்கல் வாழ்த்து அட்டைக்குள் செருகி அனுப்பிவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அனுப்பாதீர்கள். பிடிபட்டால் விதை அழிக்கப்படும். பொய்யாக வேறு பொருள் என்று எழுதியிருந்தால் வாங்குபவருக்கும் வம்பு வரலாம்.

இதற்கு முறையான வழி ஒன்று உண்டு. அது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமும் இல்லை. ஆனால் அது சென்னை தபால் நிலையத்தில் தொடங்குவதில்லை, அக்காவின் கணினியில் தொடங்குகிறது. விதை எந்த நாட்டுக்குள் நுழைகிறதோ அந்த நாட்டின் சட்டம்தான் பேசும். அனுப்பும் இடத்தில் யாரும் தடுக்கவில்லை என்பதற்கு அங்கே மதிப்பில்லை.

ஏன் இத்தனை கெடுபிடி? நம் பக்கத்து உதாரணமே போதும். ஹரியானாவின் கர்னாலில் 1931-இல் முதலில் பதிவான 'கர்னால் பன்ட்' என்னும் கோதுமைப் பூஞ்சை நோய், விதையோடும் மண்ணோடும் பரவுவது. 1996-இல் அது அமெரிக்காவின் அரிசோனாவில் தலைகாட்டியது. உடனே அந்தப் பகுதிக் கோதுமை வயல்களைத் தனிமைப்படுத்த வேண்டி வந்தது. அப்புறம் 2020-இல், கேட்காமலே பல அமெரிக்க வீடுகளுக்குச் சீனாவிலிருந்து விதைப் பொட்டலங்கள் வந்தன. நகை என்றெல்லாம் மேலே எழுதியிருந்தது. அதற்குப் பிறகு விதை என்றாலே அங்கே கண் கூர்மையாகிவிட்டது.

படி 1: பட்டியல், தாவரவியல் பெயரோடு

என்னென்ன விதை என்று எழுதுங்கள். 'நாட்டுக் கத்தரி', 'கொடி அவரை' என்றால் அங்கே உள்ள ஆய்வாளருக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொன்றுக்கும் தாவரவியல் பெயர் வேண்டும்: கத்தரிக்குச் சொலானம் மெலொஞ்ஜினா, பாகலுக்கு மொமார்டிகா கரன்ஷியா, முருங்கைக்கு மொரிங்கா ஒலிஃபெரா. பொட்டலத்தில் இதை ஆங்கில எழுத்தில், எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வேண்டும். பேரினப் பெயராவது (இரண்டு சொல்லில் முதலாவது) கட்டாயம். சிற்றினமும் இருந்தால் நல்லது. கீரை வகைகளில் கவனம். ஒரே கீரைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். இன்னதென்று உறுதியாகத் தெரியாத விதையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 2: எது போகும், எது போகாது

அமெரிக்க வேளாண் துறையின் கீழ் ஏஃபிஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் 'ஏசிஐஆர்' என்னும் இணையத் தரவுத்தளத்தில் தாவரப் பெயரையும் இந்தியா என்பதையும் கொடுத்தால் நிபந்தனை வந்துவிடும். ஒவ்வொரு பெயரையும் தட்டிப் பாருங்கள். நம் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படுபவற்றில் சில மட்டும் இங்கே:

நெல்: வேண்டாம். விதை நெல்லுக்குச் சாதாரண அனுமதி கிடையாது. மக்காச்சோளமும் இந்தியாவிலிருந்து போகாது. கோதுமையும் போகாது, காரணம் மேலே சொன்ன கர்னால் பன்ட்தான்.

கறிவேப்பிலை: எல்லோரும் கேட்பது இதைத்தான். இது எலுமிச்சைக் குடும்பம். ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் 'கிரீனிங்' நோயைச் சுமக்கும் சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலை பிடித்தமான செடி. ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தொழில் இந்த நோயால் நொடிந்துபோயிருக்கும்போது இதில் இளக்கம் காட்ட மாட்டார்கள். அக்காவை அங்கேயே உரிமம் பெற்ற நாற்றங்காலில் கன்று வாங்கச் சொல்லுங்கள்.

இலங்கையில் கங்குன் என்று சொல்லும் நீர்க்கீரை அமெரிக்காவின் கூட்டாட்சிக் களைப் பட்டியலில் இருக்கிறது. அதையும் விடுங்கள்.

தக்காளி, மிளகாய் இரண்டுக்கும் விதைவழி பரவும் வைரஸ் ஒன்றால் பல நாடுகள் அண்மை ஆண்டுகளில் தனிச் சோதனை நிபந்தனைகளை விதித்தன. அவை அடிக்கடி மாறுவதால் அனுப்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பயறு, அவரை வகைக்கும் தனி நிபந்தனை இருக்கலாம்.

படி 3: பெர்மிட் எடுப்பது அக்காவின் வேலை

இதற்கு 'சிறு அளவு விதை' என்று ஒரு திட்டம் உண்டு. விண்ணப்பப் படிவத்தின் பெயர் பிபிகியூ 587. ஏஃபிஸின் இ-ஃபைல் தளத்தில் கணக்குத் தொடங்கி, அமெரிக்க முகவரி உள்ளவர்தான் விண்ணப்பிக்க முடியும். கட்டணம் இல்லை. இந்தத் திட்டத்தின் பெரிய வசதி, தாவர நலச் சான்றிதழ் (பூச்சி, நோய் இல்லை என்று அனுப்பும் நாட்டின் அரசு தருவது) இல்லாமலே சிறு அளவில் அனுப்பலாம் என்பது. வீட்டுத் தோட்டக்காரருக்கு இதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

பெர்மிட்டோடு பச்சை-மஞ்சள் முகவரிச் சீட்டுகளும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எத்தனை பார்சல் வரப்போகிறதோ அத்தனை சீட்டு. அவற்றையும் பெர்மிட் நகலையும் உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். "பெர்மிட் வரட்டும் அக்கா, அதுக்கு முன்னாடி பார்சல் கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

படி 4: விதையைச் சுத்தம் செய்யுங்கள்

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நம் ஊரில் விதையை எப்படிக் காப்பாற்றுகிறோம்? கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்போம். பயறைச் செம்மண் கட்டிக் காயவைப்போம். பீர்க்கையையும் சுரையையும் காயோடு பரணில் தொங்கவிடுவோம். பானையில் வேப்பிலை போடுவோம். நல்ல முறைகள்தான், பூச்சி வராது. ஆனால் அமெரிக்க நிபந்தனை மண் கூடாது, விதையைத் தவிர வேறு செடிப்பொருள் கூடாது, காய்க்குள்ளோ நெற்றுக்குள்ளோ இருக்கும் விதை கூடாது, உயிருள்ள எந்தப் பூச்சியும் கூடாது என்கிறது. வீட்டில் விதையைக் காத்த அதே செம்மண்ணும் வேப்பிலையும்தான் ஆய்வு மேசையில் அதற்கு எமன்.

எனவே அனுப்பப்போகும் விதையைத் தனியாக எடுங்கள். சாம்பல் பூசியது, மண் கட்டியது வேண்டாம்; அதே செடியின் பூசாத விதை இருந்தால் அதை எடுங்கள். கத்தரி, பாகல் போன்றவற்றைச் சதை போக அலசி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, நல்ல வெளிச்சத்தில் பரப்பிப் பாருங்கள். காம்புத் துண்டு, தோல் சருகு, உடைந்த விதை, களை விதை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். அனுமதி உள்ள பயறு வகை என்றால் ஒவ்வொரு விதையிலும் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் பயறு வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். பக்கத்து விதைக்குள் இன்னொன்று இருக்கும். அந்த டப்பாவையே ஒதுக்குங்கள். மற்றதை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தெடுப்பது நல்ல பழக்கம். ஈரம் இருக்கும்போது வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும்.

கடையில் வாங்கும் விதையில் இளஞ்சிவப்பு, நீல நிறத்தில் பூசியிருந்தால் அது மருந்து. இந்தத் திட்டத்தில் பூச்சிக்கொல்லி பூசிய விதைக்கு அனுமதி இல்லை.

படி 5: பொட்டலம் கட்டுதல்

ஒரு பொட்டலத்தில் ஒரே தாவரம். உச்சவரம்பு 50 விதை, அல்லது 10 கிராம் எடை. பெரிய விதைக்கு எண்ணிக்கையும் பொடி விதைக்கு எடையும் பார்த்துக்கொள்ளலாம். 10 கிராம் கத்தரி விதை என்பதே ஒரு தெருவுக்குப் போதும். ஒரு பார்சலில் அதிகபட்சம் 50 பொட்டலம்.

புதிய சின்ன ஜிப் கவரே நல்லது. பழைய மசாலாக் கவர், செய்தித்தாள் மடிப்பு எல்லாம் கூடாது. ஓரம் பிரிந்து சிந்தினால் முழுப் பார்சலும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஒவ்வொரு கவரிலும் அழியாத மையில் மூன்று விவரம்: அனுப்புபவர் அல்லது விதை சேகரித்தவர் பெயர், விதை எந்த நாட்டில் விளைந்தது, தாவரவியல் பெயர். 'அம்மாச்சி கத்தரி' என்று பாசமாக எழுத விரும்பினால் அதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், தடையில்லை.

பெட்டிக்குள் பெர்மிட் நகல், பொட்டலப் பட்டியல், அக்காவின் முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். கூடவே ஒரு பாக்கெட் கருவாட்டுப் பொடி என்ற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். விதைப் பார்சலில் விதை மட்டுமே.

படி 6: முகவரியும் தபால் நிலையமும்

பார்சல் அக்கா வீட்டுக்கு நேரே போகக் கூடாது. வெளியே ஒட்ட வேண்டியது அந்தப் பச்சை-மஞ்சள் சீட்டு. அதில் இருப்பது ஒரு தாவர ஆய்வு நிலையத்தின் முகவரி. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், மயாமி போன்ற இடங்களில் இவை உண்டு. அங்கே திறந்து பார்த்து, சரியாக இருந்தால் அக்காவுக்கு அனுப்பி வைப்பார்கள். தனியார் கூரியர் என்றால் ஆய்வு நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் செலவை யார் ஏற்பது என்று முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். அதனால் தபாலே மேல்.

சுங்கப் படிவத்தில் 'விதைகள், விதைப்பதற்கு' என்றே எழுதுங்கள். 'பரிசு', 'கைவினைப் பொருள்' என்றெல்லாம் மழுப்ப வேண்டாம். எச்எஸ் குறியீடு (பொருளின் வகையைக் காட்டும் சுங்க எண்) கேட்டால் காய்கறி விதைக்கு 1209. ஆனால் அவரை, காராமணி போன்ற பயறு வகை 1209-இல் வராது, அதற்கு 0713. கவுன்ட்டரில் இருப்பவருக்கும் இது தெரியாமல் இருக்கலாம், கையில் எழுதி எடுத்துப்போங்கள். 2025-இல் அமெரிக்கச் சுங்க விதி மாறியதால் தபால் சேவை சில வாரம் நின்று பிறகு தொடங்கியது. வரி எவ்வளவு, யார் கட்டுவது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு கூடினால்

மேலே சொன்ன வரம்பைத் தாண்டினால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இத்துறையில் 'பைட்டோ' என்றே சொல்வார்கள். 1951-இல் உருவான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி எல்லா நாடுகளும் ஏறக்குறைய ஒரே வடிவில் வழங்குவது. நமக்கு மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம். தூத்துக்குடியிலும் திருச்சியிலும் அலுவலகம் உண்டு. இணையத்தில் விண்ணப்பித்து, விதையை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். இலங்கையிலிருந்து அனுப்புவோருக்குக் கட்டுநாயக்கவில் உள்ள தேசியத் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை. அசல் சான்றிதழ் பார்சலோடு போக வேண்டும். நான்கு கத்தரிச் செடிக்கு இதெல்லாம் மிகை. விதை வியாபாரம் செய்ய நினைப்பவருக்குத்தான் இது. அவர்கள் உயிரினப் பல்வகைமைச் சட்டம் 2002-ஐயும் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கோ வணிகத்துக்கோ வெளிநாட்டவரும் வெளிநாடுவாழ் இந்தியரும் இங்கிருந்து மரபுவளம் பெறுவதற்கு, சென்னை தரமணியில் உள்ள தேசிய உயிரினப் பல்வகைமை ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படும்.

வேறு நாடுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறு பொட்டலச் சலுகை கிடையாது. 2019 டிசம்பர் 14 முதல் விதைக்குப் பைட்டோ கட்டாயம். லண்டனில் இருக்கும் தம்பிக்கும் இதே கதைதான்.

ஆஸ்திரேலியாவுக்கு 'பைக்கான்' என்ற தரவுத்தளம். அதில் அனுமதி என்று இருந்தால், தாவரவியல் பெயர் எழுதிய, சுத்தமான, புதிய உறையில் அனுப்பலாம். பெர்த் பக்கம் என்றால் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் தனிப் பட்டியலையும் பார்க்க வேண்டும், அங்கே இன்னும் கறார்.

அங்கிருந்து இங்கே

அக்கா பதிலுக்கு ஒரு பூ விதை அனுப்புகிறேன் என்றால் யோசியுங்கள். இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி விதைப்பதற்கான விதைக்கு இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் பைட்டோவும் வேண்டும். அமெரிக்காவில் உள்ளது போல இலவச, எளிய வழி வீட்டுத் தோட்டக்காரருக்கு இங்கே இல்லை. சீன இணையக் கடைகளில் பத்து ரூபாய்க்கு 'நீல ரோஜா விதை' ஆர்டர் செய்வதும் இதே சட்டத்தின் கீழ்தான் வரும். வந்து சேர்ந்துவிட்டாலும், முளைப்பது நீல ரோஜாவாக இருக்காது.