லூக் ஸ்கைவாக்கரைப் பற்றி உருப்படியாக வாதிடுவது எப்படி

2017 டிசம்பரில் 'தி லாஸ்ட் ஜெடாய்' வெளியானதிலிருந்து ஸ்டார் வார்ஸ் திரைப்பட வரிசையின் ரசிகர்கள் இரு தரப்பாக நிற்கிறார்கள். பழைய படங்களின் நாயகன் லூக் இதில் தங்கை மகன்மேல் ஒரு கணம் வாளை ஏற்றியவன், பிறகு எல்லாரையும் விட்டுத் தீவில் ஒதுங்கியவன். இவன் நம் லூக்கே இல்லை என்பார் ஒருவர், இவன்தான் லூக் என்பார் இன்னொருவர். பட்டிமன்றம்போல இரண்டு அணி கட்டிப் பேசினால் விடிய விடியப் பேசினாலும் முடியாது. ஏனென்றால் இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பழைய லூக் இப்படிச் செய்யக்கூடியவனா? இடைப்பட்ட சுமார் முப்பது ஆண்டுகளில் அவன் மாறிய விதத்தைப் படம் போதுமான அளவுக்குக் காட்டியதா? நாம் பார்க்க ஏங்கிய லூக் இவனா?

மூன்றாவது கேள்வியை முதலில் எடுங்கள். அதற்குச் சான்று வேண்டாம், அது ஏக்கம். வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் மனதில் இருப்பதைக் கொட்டிவிடட்டும், யாரும் குறுக்கே பேச வேண்டாம். இதைத் தாண்டிப் போனால் அந்த ஏமாற்றமே மற்ற இரண்டு கேள்விகளுக்குள்ளும் புகுந்து பேசும்.

அடுத்து, காட்சிகள். ஆறேழு பேர் இருந்தால் போதும். முழுப் படங்களையும் ஓட்ட நேரம் கிடைக்காது, இந்த ஒரு படமே 152 நிமிடம். முதலில் வேண்டிய பகுதிகள் நான்குதான், முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும். 1980 படத்தில் டகோபா என்ற கோளின் குகை. 1983 படத்தில் பேரரசன் முன்னால் லூக்குக்கும் அவன் தந்தை வேடருக்கும் நடக்கும் சண்டை. 2015 படத்தில் லூக் காணாமல் போனதைப் பற்றி அவன் நண்பர் ஹான் சோலோ சொல்லும் இடம். 2017 படத்தில் லூக்கின் தங்கை மகனும் மாணவனுமான பென் சோலோவின் குடிசை. நினைவை நம்பி வாதிடாதீர்கள். பல ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருக்கும் நாயகன் திரையில் இருந்தவனைவிடக் கறையற்றவனாகிவிடுவான்.

குகைக்குள் ஆயுதம் வேண்டாம் என்கிறார் லூக்கின் ஆசான் யோடா. லூக் எடுத்துக்கொண்டே போகிறான், வேடரின் உருவம் எதிரே வந்ததும் ஒளிவாளை (ஏற்றினால்தான் அதன் ஒளி அலகு வெளியே வரும்) முதலில் ஏற்றுபவனும் அவனே. பிறகு நண்பர்கள் துன்புறுவதை முன்கூட்டியே கண்டு, பயிற்சியைப் பாதியில் விட்டு ஓடுகிறான். 1983இல் தங்கையைத் தீய வழிக்கு இழுப்பேன் என்று வேடர் சொன்னதும் வெறிகொண்டு பாய்ந்து தந்தையின் கையை வெட்டுகிறான். வெட்டுப்பட்ட கையில் கம்பிகளைப் பார்த்து, தன் இயந்திரக் கையையும் பார்த்த பிறகே நிற்கிறான், வாளை எறிகிறான். அன்பு வைத்தவர்களுக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலில் கை முந்தும், அறிவு பின்னால் வரும். முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது.

குடிசைக் காட்சியில்தான் இரு தரப்பும் அதிகம் தவறுகிறது. அந்த இரவு மூன்று முறை சொல்லப்படுகிறது. முதலில் லூக் சொல்லும்போது வாள் ஏற்றியதை மறைக்கிறான். பின்னாளில் கைலோ ரென் ஆகிவிட்ட பென் சொல்லும்போது லூக் கொல்லவே வருகிறான், வாள் இறங்குகிறது. கடைசியில் லூக் உண்மையை ஒப்புக்கொள்கிறான்: ஒரு கணம் உள்ளுணர்வு உந்த வாளை ஏற்றினான், அடுத்த கணமே வெட்கப்பட்டான், அதற்குள் பையன் கண் விழித்துவிட்டான். "மருமகனைக் கொல்ல முயன்றான்" என்பவர்கள் தங்களுக்குத் தெரியாமலே கைலோவின் சாட்சியத்தைப் பேசுகிறார்கள். "மனதில் நினைத்தான், அவ்வளவுதானே" என்பவர்கள் வாளை ஏற்றியதையும், அதைத் தன்னைத் தேடி வந்த ரேயிடம் மறைத்ததையும் விழுங்கிவிடுகிறார்கள். மூன்றையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், இந்தச் சண்டையில் பாதி அங்கேயே தீரும்.

வலுவான குறை வேறு இடத்தில் இருக்கிறது. வேடரையே கைவிடாதவன், தங்கை உயிருக்குப் போராடும்போது தீவில் ஒதுங்கிக் கிடப்பானா? இரண்டாவது கேள்வியின் உயிர் இதுதான். ஒதுங்கலைத் தொடங்கி வைத்தது 2015 படம். மாணவன் ஒருவன் எல்லாவற்றையும் அழித்ததும், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு லூக் போய்விட்டான் என்று ஹான் அதில் சொல்லிவிடுகிறார். 2017 படம் அதற்குக் காரணம் தருகிறது: தான் சேர்ந்த ஜெடாய் என்ற வீரர்களின் மரபே தீங்கானது, தன்னோடு முடியட்டும் என்பது அவன் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு அவன் வந்து சேர்ந்த ஆண்டுகளை நாம் பார்க்கவில்லை, கேட்கிறோம். தந்தைக்காக அவன் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்த வாய்வார்த்தை போதவில்லை என்றால் அது நியாயமான குறை. படத்தை நேசிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ளலாம்.

இடையில் மூன்று தடங்கல்கள் வரும். "வராதே என்பவன் தன் தீவுக்கு வரைபடம் ஏன் விட்டுப் போனான்?" என்பார்கள், லூக் அதை விட்டுப் போனதாகப் படத்தில் இல்லை. பெரும்பகுதி பேரரசின் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்தது என்று கைலோவே சொல்கிறான். அடுத்து லூக்காக நடித்த மார்க் ஹாமிலைச் சாட்சிக்கு இழுப்பார்கள். இயக்குநர் ரியான் ஜான்சனின் பார்வையோடு தனக்கு உடன்பாடில்லை என்று அவர் சொன்னது உண்மை. அந்த ஐயங்களைப் பொதுவில் பேசியதற்கு 2017 டிசம்பர் கடைசியில் வருந்தியதும் உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லுங்கள். மூன்றாவது, படங்களுக்கு வெளியே வந்த ஸ்டார் வார்ஸ் நாவல்கள். அவற்றில் லூக் ஜெடாய்ப் பள்ளி நடத்துகிறான், மாரா ஜேடை மணக்கிறான், பென் என்று மகன் இருக்கிறான். 2014 ஏப்ரலில் அந்தக் கதைகள் அதிகாரபூர்வக் கதையிலிருந்து பிரித்து 'லெஜண்ட்ஸ்' என்று தனியே ஒதுக்கப்பட்டன. அவற்றைப் படித்து வளர்ந்தவரின் மனதில் இருப்பது வேறொரு லூக். பேச்சைத் தொடங்கும் முன்பே யார் யார் படித்தவர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

2017 படத்தின் முடிவில் வரும் கிரெயிட் கோள் காட்சியைக் கடைசியில் வையுங்கள். அங்கே வருவது லூக்கின் தோற்றம் மட்டும்தான், அவன் உடல் தீவிலேயே இருக்கிறது. உப்புத் தரையில் கைலோ கால் வைக்கும் இடமெல்லாம் சிவக்கிறது, லூக்கின் காலடியில் ஒன்றுமில்லை. கையில் இருப்பதோ ஏற்கெனவே இரண்டாக உடைந்துபோன நீல வாள். யாரையும் காயப்படுத்தாமல், தப்பிப்பவர்களுக்கு நேரம் வாங்கித் தருகிறான். 1983இல் வாளை எறிந்தவன் இவனா என்று அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். 2019 படத்தில் லூக் தன் தவறை ஒப்புக்கொள்வதையும், 2020 டிசம்பரில் 'தி மேண்டலோரியன்' தொடரில் இளமையாக வந்து இயந்திரப் படையை வீழ்த்துவதையும் அதற்குப் பிறகே பேசலாம். அவை 2017க்குப் பின் எடுக்கப்பட்டவை. முன்னால் இழுத்தால், படத்தில் என்ன இருக்கிறது என்ற பேச்சு யார் ஜெயித்தார்கள் என்று மாறிவிடும்.