டெனெரிஃப் தீவுக்கு முதல் பயணம்: விசா, சுங்கம், உடல்நலம்

விசா, இன்ஷூரன்ஸ், ஹோட்டல் புக்கிங் என்று மூன்று மாதமாக ஒவ்வொரு தாளையும் சரிபார்த்த நான், அம்மாவின் கைப்பையைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே அரைக் கிலோ பால்கோவா. ஐரோப்பாவில் இறங்கிய முதல் விமான நிலையத்திலேயே அது குப்பைத்தொட்டிக்குப் போனது. அந்த அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அம்மாதான் தீவு போய்ச் சேரும்வரை என்னிடம் பேசவில்லை.

அதனால் இந்தக் குறிப்பில் விசாவுக்குச் சமமாகச் சாப்பாட்டுப் பைக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தீவைப் பற்றி ஒரு விஷயம். டெனெரிஃப், கேனரி தீவுகளில் பெரியது. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய அட்லாண்டிக் கடலில் இருந்தாலும் ஆட்சி ஸ்பெயினுடையது. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதிக்கு உள்ளே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கும் உள்ளேதான். ஆனால் ஒன்றியத்தின் வாட் வரி எல்லைக்கு வெளியே! 1852-லேயே இந்தத் துறைமுகங்களுக்குச் சுங்கச் சலுகை கொடுத்துவிட்டார்கள், அந்தத் தனி ஏற்பாடு வேறு வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. ஸ்பெயினின் பெருநிலத்தில் பொதுவான வாட் 21%, இங்கே ‘இகிக்’ என்ற உள்ளூர் வரி 7%. இந்த வித்தியாசம் போகும்போது தெரியாது, திரும்பும்போதுதான் தெரியும்.

படி 1: பாஸ்போர்ட்

மூன்றே சோதனைகள். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு வாரம்தான் கூடுதலாக இருக்கிறது என்றால், புதுப்பித்துவிட்டு விசாவுக்குப் போங்கள்.

படி 2: விசா வேண்டுமா, யாரிடம் கேட்பது

இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் இரண்டுக்கும் ஷெங்கன் விசா தேவை. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளின் வதிவிட அனுமதி அட்டை கையில் இருப்பவர்களுக்குத் தேவையில்லை. அட்டையும் பாஸ்போர்ட்டும் போதும். லண்டனில் குடியிருக்கும் நம்மவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்டும் பிரிட்டனின் வதிவிட அனுமதியும் என்றால் விசா வேண்டும். பிரிட்டன் ஷெங்கனில் எப்போதுமே இருந்ததில்லை.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக இரவுகள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். டெனெரிஃபில் ஏழு இரவு, பாரிஸில் இரண்டு இரவு என்றால் ஸ்பெயின். இரண்டு நாட்டிலும் சமமான இரவுகள் என்றால் முதலில் நுழையும் நாடு. ஸ்பெயினின் விண்ணப்பங்களை இந்தியாவில் பிஎல்எஸ் என்ற நிறுவனத்தின் மையங்கள் வாங்கி அனுப்புகின்றன, முடிவெடுப்பது தூதரகம்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன் கட்டாயம் கொடுத்திருக்க வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும். கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பொங்கல் முடிந்ததும் அப்பாயின்ட்மென்ட் பார்க்கத் தொடங்குங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது.

கொண்டுபோக வேண்டியவை: கையெழுத்திட்ட படிவம், புகைப்படம், போக-வர விமான முன்பதிவு, ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடச் சான்று, வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், அலுவலக விடுப்புக் கடிதம், இன்ஷூரன்ஸ். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர்கள் ஸ்பெயின் காவல்துறையில் அழைப்புக் கடிதம் எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் தட்டிய கடிதம் அதற்கு ஈடாகாது.

பணம் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்கு ஸ்பெயினிடம் கணக்கு இருக்கிறது. தலைக்கு ஒரு நாளுக்கு, அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் 10%. 2025-இல் அது சுமார் 118 யூரோ. இரண்டே நாள் தங்கினாலும் மொத்தம் குறைந்தது ஒன்பது நாளுக்கான தொகை இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் மாமாவிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போடுவது எனக்குத் தெரிந்து நல்ல யோசனை அல்ல. ஸ்டேட்மென்டைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்தத் திடீர் வரவைத்தான்.

படி 3: விசா ஸ்டிக்கரைப் படியுங்கள்

பாஸ்போர்ட் திரும்பி வந்த சந்தோஷத்தில் இதைப் பெரும்பாலானோர் படிப்பதில்லை. அதில் இரண்டு தேதிகளும் தனியாக ஒரு நாள் எண்ணிக்கையும் இருக்கும். தேதிகளுக்கு நடுவே 25 நாள் இருக்கலாம். எண்ணிக்கை 10 என்றால் உங்களுக்கு 10 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. அடுத்து, எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டம். அங்கே 01 என்றிருந்தால், கேனரியிலிருந்து மொராக்கோவுக்கு ஒரு எட்டுப் போய்வரும் ஆசையை விட்டுவிடுங்கள். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது.

படி 4: எந்த வழியாகப் பறப்பது

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. மாட்ரிட், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊரில் மாறிப் போனால் இமிக்ரேஷன் அங்கேயே முடிந்துவிடும். டெனெரிஃபில் இறங்குவது மதுரையில் இறங்குவது போல. மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது வையுங்கள். லண்டன் வழி மலிவாகத் தெரியும், ஆனால் அங்கே விமானம் மாறுவதற்கே இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாகத் தனி டிரான்சிட் விசா வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். தீவில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு விமான நிலையங்கள். கடற்கரை ஹோட்டல்கள் மிகுந்த அடெஹே பக்கம் தங்குகிறீர்கள் என்றால் தெற்கு.

படி 5: இமிக்ரேஷன் கவுன்ட்டர்

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் இஇஎஸ் என்ற மின்னணுப் பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகத்தைப் படம் எடுத்து, விரல் ரேகையோடு பதிவு வைக்கும் முறை. 12 வயதுக்குக் கீழே ரேகை இல்லை. இதற்குக் கட்டணம் கிடையாது. முன்பே ஆன்லைனில் பதிவு செய்து தருகிறேன் என்று காசு கேட்கும் இணையதளத்தை நம்பாதீர்கள். கூடுதலாகத் தங்கினால் இனி கணினியே நாளைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். முத்திரை மங்கலாக இருந்தது என்ற பழைய சாக்கு எடுபடாது.

விசா இருந்தாலும் கேள்வி கேட்கலாம். ஹோட்டல் புக்கிங், திரும்பும் டிக்கெட், இன்ஷூரன்ஸ் மூன்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். ஹோட்டலிலும் பாஸ்போர்ட் கேட்பார்கள், கொடுங்கள். விருந்தினர் விவரத்தை அரசுக்கு அனுப்புவது அங்கே சட்டம்.

படி 6: சுங்கமும் சாப்பாட்டுப் பையும்

ஒரு நடைமுறை தெரிந்துகொண்டால் குழப்பம் இல்லை. ஐரோப்பாவில் விமானம் மாறும்போது, கைப்பையை முதல் ஐரோப்பிய விமான நிலையத்தில் சோதிப்பார்கள். செக்-இன் பெட்டிக்குக் கடைசி ஊரில்தான் சோதனை. பால்கோவா தீவைப் பார்க்காமலேயே போனது இதனால்தான்.

ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது. அளவு கேள்வியே இல்லை, கொஞ்சமாக இருந்தாலும் கூடாது. கால்நடை நோய் எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதே காரணம். நெய், பன்னீர், பால்கோவா, திரட்டுப்பால், மட்டன் ஊறுகாய் எல்லாம் இதில் அடங்கும். குழந்தைக்கான பால்பவுடருக்கு விலக்கு உண்டு: தலைக்கு 2 கிலோ வரை, பிரிக்காத பிராண்ட் பாக்கெட்டாக, ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். தேனும் 2 கிலோ வரை போகலாம்.

ஆச்சரியம் என்னவென்றால் கருவாடு போகலாம்! மீன் பொருள்களுக்கு 20 கிலோ வரை அனுமதி. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

அடுத்தது பச்சைப் பொருள். கருவேப்பிலை, வெற்றிலை, மாம்பழம், பச்சைமிளகாய், துளசிச் செடி எதுவாக இருந்தாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் நுழையாது. பூஜைக்கு நாலு இலை என்ற வாதம் அங்கே புரியாது. ஒன்றியத்தின் பொது விதியில் தேங்காய், வாழைப்பழம் உட்பட ஐந்து பழங்களுக்குச் சான்றிதழ் வேண்டாம்தான். ஆனால் கேனரியில் வாழைதான் உழவர்களின் பிழைப்பு, தாவரப் பாதுகாப்பில் தீவுகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. வாழைப்பழம் கொண்டுபோகவே வேண்டாம். புள்ளி விழுந்த உள்ளூர்ப் பழத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள், நம் மலைவாழைக்குப் பக்கத்தில் வரும்.

கவலையில்லாமல் எடுத்துப் போகக்கூடியவை: பருப்புப் பொடி, எண்ணெயில் சுட்ட முறுக்கு, புளிக்காய்ச்சல், காய்ந்த வத்தல், மாங்காய் ஊறுகாய். திரவமாக இருப்பதைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். சந்தேகமான பொருள் இருந்தால் சுங்கத்தில் சொல்ல ஏதுமில்லாதவர்களுக்கான பச்சை வழியில் நழுவாமல், பொருளைக் காட்டுகிறவர்களுக்கான சிவப்பு வழியில் போய்க் காட்டிவிடுங்கள். பொருளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அபராதம் வராது.

பணம்: 10,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கமாக இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே நோட்டாக 3,000 டாலர் மதிப்புக்கு மேல் எடுக்க முடியாது என்பதால் நம்மில் பலருக்கு இந்தப் பிரச்சினை வராது. நகை அதிகமாகப் போட்டுப் போகிறவர்கள் இந்திய சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டு கிளம்பினால், திரும்பும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

படி 7: உடல்நலம்

ஸ்பெயினுக்குப் போக இப்போது கட்டாயத் தடுப்பூசி எதுவும் இல்லை. கோவிட் கால நுழைவுக் கட்டுப்பாடுகள் 2022-லேயே விலக்கப்பட்டுவிட்டன. 2020 பிப்ரவரியில் அடெஹேயில் ஒரு ஹோட்டல் முழுவதையும் விருந்தினர்களோடு பூட்டி வைத்த தீவு இது என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

விசாவுக்கான இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். பெற்றோருக்கு எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர் போன்ற பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து, தேவைப்படும்போது கிளெய்ம் மறுக்கப்பட்டு நிற்க வேண்டாம். அந்தந்த நாட்டு அரசு தரும் மருத்துவ அட்டையையும், அதாவது பிரிட்டனில் இருப்பவர்கள் ஜிஹெச்ஐசி அட்டையும், ஒன்றிய நாடுகளில் இருப்பவர்கள் இஹெச்ஐசி அட்டையும் எடுத்துப்போங்கள். அது அரசு மருத்துவமனைக்கு மட்டும், ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவைத் தராது.

மாத்திரைகளை அட்டையோடு, மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும். டிரமடால், கோடீன் கலந்த வலி மருந்தோ தூக்க மாத்திரையோ என்றால் டாக்டர் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். அனுமதி தேவையா என்று தூதரகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

தீவுக்கே உரிய மூன்று சங்கதிகள். ஒன்று, ‘கலிமா’. சகாராவிலிருந்து தூசியோடு அடிக்கும் சூடான காற்று, வானமே மஞ்சளாகிவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரை மறக்கக் கூடாது. இரண்டு, டெய்டே எரிமலை. கடற்கரையிலிருந்து காரில் கிளம்பி, ரோப்கார் ஏறினால் அன்று காலையே 3,555 மீட்டரில் நிற்பீர்கள். ஊட்டி இதில் மூன்றில் இரண்டு பங்கு கூட இல்லை. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம் என்பது அங்கே சொல்லும் அறிவுரை. அம்மா கீழேயே நின்றுகொண்டார், எனக்கு மேலே பத்து அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. மூன்று, ஸ்கூபா டைவிங் செய்த அன்று டெய்டேக்குப் போகவே கூடாது; உடலில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழாகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள்.

அவசரத்துக்கு எண் 112. மருந்துக்கடையைப் பச்சைச் சிலுவையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

படி 8: திரும்பும்போது

தீவிலிருந்து மாட்ரிட்டோ பாரிஸோ போகும்போது, வாட் எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறவர் என்ற கணக்கில்தான் உங்களைப் பார்ப்பார்கள். 200 சிகரெட், 1 லிட்டர் ஸ்பிரிட், 4 லிட்டர் ஒயின், மற்றப் பொருள்கள் 430 யூரோ வரை வரி கிடையாது. விலை குறைவு என்று வாசனைத் திரவியமும் கேமராவும் அள்ளுகிறவர்கள் பில்லைக் கூட்டிப் பாருங்கள்.

டெய்டே தேசியப் பூங்காவிலிருந்து கல், செடி எதையும் எடுப்பது குற்றம். பிள்ளைகள் சட்டைப் பையில் ஒரு எரிமலைக்கல்லாவது இருக்கும், கார் ஏறும் முன் தடவிப் பாருங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். டெனெரிஃப் நேரம் மாட்ரிட்டை விட ஒரு மணி நேரம் பின்னால். மாட்ரிட்டில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இறங்கியதும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.