பழைய கேம், புது டப்பா: மறுவெளியீடுகளின் பெட்டியையும் உள்தாள்களையும் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரையில் பல வீடுகளின் பரணில் துபாயிலிருந்து வந்த அட்டைப் பெட்டி ஒன்றாவது இன்னும் கிடக்கும். சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டு வேலையிலிருந்து, விடுப்பில் வந்த வாப்பாவோ மாமாவோ கயிறு கட்டிக் கொண்டுவந்த பெட்டி. எங்கள் வீட்டுப் பெட்டியில் பிளேஸ்டேஷன் கேம்கள் இருந்தன. பாதிக்கு மேல், டப்பாவின் ஓரத்தில் வெள்ளி நிறப் பட்டையும் ‘பிளாட்டினம்’ என்ற எழுத்தும் உள்ளவை. நன்றாக விற்ற கேமை விலை குறைத்து மறுபடி வெளியிட்ட பதிப்புகள் அவை. இந்த டப்பாக்களையும் உள்ளே இருந்த புத்தகம், மடக்குத்தாள், அட்டை எல்லாவற்றையும் சில வருடங்களாக ஸ்கேன் செய்து குறிப்பெழுதி வைத்து வருகிறேன். ஏர்வாடி, தொண்டி, பாம்பன் என்று தெரிந்தவர்கள் வீட்டு டப்பாக்களையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நானும் மற்றவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளை, இனி தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மற்ற எல்லாவற்றுக்கும் மூலமான தவறு ஒன்று இருக்கிறது. ‘இது ஒரிஜினல் இல்லையே, இதை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்’ என்று மறுவெளியீட்டை ஒதுக்கி வைப்பது. முதல் வெளியீட்டை உலகம் முழுக்க ஆயிரம் பேர் பத்திரப்படுத்துகிறார்கள். மலிவுப் பதிப்பைத்தான் யாரும் சீண்டுவதில்லை. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் புரண்டது பெரும்பாலும் மலிவுப் பதிப்புதான். ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் ஒரு ஏடு கிடைத்ததும் மற்றதைத் தூக்கிப் போடவில்லை. உ.வே.சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டு, எதில் எப்படி இருக்கிறது என்று பாடபேதம் காட்டினார். மறுவெளியீட்டு டப்பாவும் ஒரு பாடபேதம் என்றே நான் நினைக்கிறேன். 2001இல் வந்த ‘சைலன்ட் ஹில் 2’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ பதிப்பில், முதலில் இல்லாத ஒரு தனி அத்தியாயமே சேர்ந்திருந்தது. மலிவுப் பதிப்பை விட்டுவிட்டால் அந்த மாற்றமும் பதிவில் இருக்காது.

மறுவெளியீட்டு வரிசைகளின் பெயர்களிலும் குழம்பக் கூடாது. சோனி ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பியது ‘பிளாட்டினம்’, வட அமெரிக்காவில் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’, ஜப்பானில் ‘தி பெஸ்ட்’. நிண்டெண்டோவுக்கு ‘பிளேயர்ஸ் சாய்ஸ்’, 2011 முதல் ‘நிண்டெண்டோ செலக்ட்ஸ்’. குறிப்பில் ‘பட்ஜெட் பதிப்பு’ என்று பொதுவாக எழுதாமல், டப்பாவில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

அடுத்து, வருடம். டப்பாவின் பின்பக்கம் 1996 என்று காப்புரிமை வருடம் போட்டிருந்தால், அந்த டப்பா 1996இல் அச்சானது என்று எழுதிவிடுகிறார்கள். அது கேமின் வருடம், அட்டையின் வருடம் அல்ல. மறுவெளியீட்டில் அந்த வரி பெரும்பாலும் மாறாமல் அப்படியே வரும். அச்சான காலத்தைக் கண்டுபிடிக்க வேறு தடயங்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்க டப்பா என்றால் மூலையில் வயது முத்திரை இருக்கும். 1998க்கு முன் எல்லோருக்கும் ஏற்ற கேம்களில் ‘கே-ஏ’ என்று இருந்தது, பிறகு ‘ஈ’ ஆனது. 1996 கேமில் ‘ஈ’ முத்திரை இருந்தால் அந்த அட்டை 1998இலோ அதற்குப் பிறகோதான் அச்சாகியிருக்கும். ஐரோப்பிய டப்பாவில் ‘பெகி’ என்ற வயது முத்திரை 2003இல்தான் வந்தது. சிடியின் உள் வளையத்தில் கண்ணாடி போன்ற பகுதியைச் சாய்த்துப் பார்த்தால் சிறிய எழுத்துகளும் எண்களும் தெரியும். ‘ஐஎஃப்பிஐ’ என்று தொடங்கும் தொழிற்சாலைக் குறியீடு 1994இல் அறிமுகமானது. அதையும் எழுதி வையுங்கள். டப்பா முதுகில் உள்ள வரிசை எண்ணும் அப்படித்தான். ‘எஸ்எல்யூஎஸ்’ என்றால் அமெரிக்கா, ‘எஸ்எல்ஈஎஸ்’ என்றால் ஐரோப்பா, ‘எஸ்எல்பிஎஸ்’ என்றால் ஜப்பான். டப்பா, புத்தகம், சிடி மூன்றிலும் அந்த எண்ணைத் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். ஒன்றில் பார்த்துவிட்டு மற்ற இரண்டிலும் அதேதான் இருக்கும் என்று நிரப்பக் கூடாது.

இப்போது நான் செய்த தவறு. ஒரே பந்தய கேம் எங்களிடம் இரண்டு இருந்தது. ஒன்று முதல் வெளியீடு, டப்பா உடைந்தது. இன்னொன்று பிளாட்டினம், டப்பா முழுசு. உடைந்த டப்பாவில் இருந்த நல்ல புத்தகத்தை எடுத்து முழு டப்பாவில் செருகிவிட்டேன். முழுமையான ஒன்று கிடைத்தது என்று சந்தோஷம். இரண்டு வருடம் கழித்துக் குறிப்பெழுத உட்கார்ந்தபோது, பிளாட்டினத்தோடு வந்த புத்தகம் வண்ணமா கறுப்பு வெள்ளையா, எத்தனை பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. பழைய புத்தகம் எங்கே போனது என்று உம்மாவுக்கும் நினைவில்லை. அந்தப் பதிவு இன்றுவரை பாதியில் நிற்கிறது. ஒரு டப்பாவில் குறைவதை இன்னொன்றிலிருந்து எடுத்து நிரப்பாதீர்கள். மறுவெளியீட்டில் செலவைக் குறைக்கப் புத்தகத்தை மெலிதாக்குவதும், ஒற்றைத் தாளாக மடிப்பதும், போஸ்டரை விட்டுவிடுவதும் உண்டு. நாம் பதிவு செய்ய வந்ததே அந்தக் குறைச்சலைத்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம்: ‘இல்லை’ என்பதற்கும் ‘கிடைக்கவில்லை’ என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பழைய டப்பாவில் போஸ்டர் இல்லையென்றால், கம்பெனி வைக்கவே இல்லையா, சுவரில் ஒட்டப் போய்விட்டதா என்று நமக்குத் தெரியாது. சூப்பர் மாரியோவின் 25ஆம் ஆண்டை ஒட்டி நிண்டெண்டோ 2010இல் வீ கருவிக்கு ‘சூப்பர் மாரியோ ஆல் ஸ்டார்ஸ்’ தொகுப்பை மறுபடி வெளியிட்டது. கேமோடு 32 பக்க வரலாற்றுப் புத்தகமும் ஓர் இசை சிடியும் வந்தன. பழைய பொருளாகக் கைமாறும்போது இவை பிரிந்துவிடுவது சகஜம். கேம் டப்பாவை மட்டும் பார்ப்பவர் அதுதான் முழுப் பதிப்பு என்று எழுதிவிடுவார். ‘இந்தப் பிரதியில் காணவில்லை’ என்று எழுதினால் பின்னால் வருபவர் தேடுவார். ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் தேட மாட்டார்.

ஸ்கேன் செய்வதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். போனில் ஸ்கேனர் ஆப் இருக்கிறதே என்று டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்துவிடுகிறார்கள். அந்த ஆப்கள் ரசீதையும் சான்றிதழையும் படிக்க வசதியாக்குவதற்காகச் செய்தவை. தாளின் மஞ்சளை வெள்ளையாக்கும், வெளிர் நிறத்தை அழிக்கும், ஓரத்தை வெட்டும். நமக்கு அந்த மஞ்சளும் ஓரமும் வேண்டும். தட்டையான கண்ணாடி ஸ்கேனர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதிலும் தானாக நிறம் திருத்தும் அமைப்பு எல்லாவற்றையும் முதலில் நிறுத்துங்கள்.

300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும் என்று கடையில் சொல்வார்கள். அட்டைப் படம் நுண்ணிய புள்ளிகளால் அச்சானது. குறைந்த அளவில் ஸ்கேன் செய்தால் அந்தப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதி, பட்டுச் சேலை மடிப்பில் ஓடுகிற மினுக்கம்போல அலை அலையாக ஒரு கோலம் விழும். பிறகு அதை நீக்கப் போனால் படமே மங்கும். 600 டிபிஐ வையுங்கள். டிவிடி டப்பாவின் மேலுறைத் தாள் 273 மில்லிமீட்டர் நீளம், 183 மில்லிமீட்டர் உயரம். ஏ4 கண்ணாடிக்குள் முழுசாக அடங்கும். அதை 600 டிபிஐயில், விவரம் குறையாமல் வைக்கும் டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறக்குறைய 84 எம்பி வரும். பெரிதாக இருக்கிறதே என்று ஜேபெக்கில் மட்டும் சேமித்துவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். பார்க்கக் கொடுப்பதற்கு ஜேபெக், வைத்துக்கொள்ள டிஃப்.

புத்தகத்தின் தாள் மெல்லியதாக இருந்தால் பின்பக்க எழுத்து முன்னால் நிழலாடும். பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து ஸ்கேன் செய்தால் அது போய்விடும். வெற்றுப் பக்கத்தையும் விடக் கூடாது. ‘குறிப்புகள்’ என்று தலைப்பிட்டு விடப்பட்ட கடைசிப் பக்கங்களில் பிள்ளைகள் பாஸ்வேர்டு எழுதி வைத்திருப்பார்கள். அதுவும் அந்தப் பிரதியின் வரலாறுதான். விளம்பரத் தாளின் பின்பக்கம், உடல்நல எச்சரிக்கைப் புத்தகம், பதிவு அட்டை இவற்றை எல்லாம் ‘எல்லா கேமிலும் ஒரே மாதிரிதான் வரும்’ என்று தள்ளிவிடாதீர்கள். அவற்றின் ஓரத்தில் சிறியதாக ஒரு குறியீட்டு எண் இருக்கும், காலத்துக்குக் காலம் அது மாறும். பதிவு அட்டையில் யாராவது பெயரும் முகவரியும் நிரப்பியிருந்தால், வெளியில் பகிரும் படத்தில் மட்டும் அதை மறைத்துவிடுங்கள். ‘கிளப் நிண்டெண்டோ’ என்ற வாடிக்கையாளர் கிளப்புக்கான சுரண்டாத புள்ளி அட்டை கிடைத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் கிளப்பே 2015இல் மூடியாகிவிட்டது.

அட்டைப் பெட்டியைத் தட்டையாக ஸ்கேன் செய்ய வேண்டும் என்று ஒட்டிய மடிப்பைப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பசை ஒரு தடவை விட்டால் விட்டதுதான். ஆறு பக்கம், மூடியின் உள்பக்கம், உள் தட்டு என்று தனித்தனியாக எடுத்தால் போதும். படத்தில் ஓர் அளவுகோல் கட்டாயம் இருக்கட்டும். ‘ஃபேமிகாம் மினி’ வரிசையில் நிண்டெண்டோ 2004இல் ஜப்பானில் தன் எண்பதுகளின் ஃபேமிகாம் கருவிக்கான பழைய கேம்களை கேம் பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்காக மறுபடி வெளியிட்டபோது, பழைய பெட்டிகளின் படத்தையும் அமைப்பையும் அப்படியே குட்டியாக்கியிருந்தது. அளவுகோல் இல்லாத போட்டோவில் அதையும் எண்பதுகளின் பெட்டியையும் பிரித்தறிவது கஷ்டம்.

ஸ்டிக்கரை உரிப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கும். இந்தியாவில் விற்ற இறக்குமதி டப்பாவில் இறக்குமதி செய்தவர் பெயர், மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் இருக்கும். வளைகுடாவிலிருந்து வந்ததில் கடையின் திர்ஹம் விலை ஒட்டியிருக்கும். டப்பா அழகாக வேண்டும் என்று தேங்காயெண்ணெய் தடவி இதை உரித்துவிடுகிறார்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்கள் எவ்வளவு நன்றாகப் பதிவு செய்தாலும், அந்த கேம் நம் கரைக்கு எந்த வழியில் எந்த விலைக்கு வந்தது என்று சொல்ல அவர்களால் முடியாது. அதற்கு இந்த ஸ்டிக்கர் மட்டுமே சாட்சி. பிளாஸ்டிக் உறையின் மேல் ஒட்டியிருந்தால் அந்தத் துண்டையும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், நம் கடல் காற்று. வாடை தொடங்கினால் தீப்பெட்டி நமத்துப்போகிற ஊர் இது. காற்றோடு வரும் உப்பு தாளில் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். புத்தகத்தின் நடுவில் உள்ள ஸ்டேப்ளர் பின் முதலில் துருவேறும், அந்தத் துரு தாளைத் தின்னும். பின்னைப் பிடுங்கி எறியவும் கூடாது, வளைத்து நிமிர்த்தவும் கூடாது. துரு பிடித்த புத்தகத்தைக் கொஞ்சமாகத் திறந்து ஸ்கேன் செய்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிப் பெட்டியில் வையுங்கள். நமத்த தாளை மொட்டைமாடி வெயிலில் காய வைக்காதீர்கள். கருவாட்டுக்கும் வடகத்துக்கும் அந்த வெயில் சரி. அச்சு மை வெளுக்கும், தாள் சுருளும். மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்தினால் போதும்.

பூச்சிக்குப் பயந்து பாச்சா உருண்டை போடுவதும் தவறு. சிடி டப்பாக்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். உருண்டையின் ஆவி அந்த பிளாஸ்டிக்கை இளக்கும். ராமபாணப் பூச்சி வராமல் இருக்க இடம் உலர்வாக இருப்பதுதான் முக்கியம். அது ஈரம் தேடி வருகிற பூச்சி. கிழிந்த போஸ்டருக்கு செலோ டேப் போடுவது, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்வது இரண்டுமே திருத்த முடியாதவை. டேப்பின் பசை சில வருடத்தில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும். லேமினேஷனைப் பிரிக்கப் போனால் படம் அதோடு வந்துவிடும். ஸ்கேனர் கண்ணாடியையும் மறந்துவிடாதீர்கள். கடலோர வீட்டில் அதன் மேல் ஒரு மெல்லிய மங்கல் படிந்துகொண்டே இருக்கும். தொடங்குமுன் தினமும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

புதிய வகை மறுவெளியீடுகளில் வேறொரு சிக்கல். 2016இல் 30 கேம்களை உள்ளடக்கி வந்த நிண்டெண்டோவின் குட்டி என்ஈஎஸ் கருவியில் (பழைய என்ஈஎஸ் கருவியின் சிறிய மறுவடிவம்) கேம்களுக்கான புத்தகங்கள் தாளாக வரவில்லை. கியூஆர் குறியீட்டைப் போனில் காட்டி இணையத்தில் படித்துக்கொள்ள வேண்டும். குறியீட்டை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அது எந்த முகவரிக்குப் போகிறது, அங்கே என்ன இருந்தது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்தவர் வீட்டு டப்பாவை வாங்கும்போது, திறந்த உடனே, எதையும் வெளியே எடுக்குமுன், இருக்கிறபடியே ஒரு போட்டோ எடுங்கள். எந்தத் தாள் எதற்கு மேல் இருந்தது, எந்தப் பக்கம் பார்த்து மடித்திருந்தது என்பது அந்தப் படத்தில் இருக்கும். வேலை முடிந்ததும் அதைப் பார்த்து அதே வரிசையில் அடுக்கி, ஸ்கேன் செய்த கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் போட்டு, டப்பாவோடு சேர்த்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.