ஆன்டெனா நல்லதுதான், கேபிள்தான் சிக்னலைத் தின்கிறது

போன மாதம் கொல்லிமலையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடி முழுக்க மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் 20 அடி இரும்புக் குழாய், அதன் உச்சியில் புத்தம்புது யாகி ஆன்டெனா (ஒரே திசையை நோக்கிச் சிக்னலைப் பிடிப்பது). கீழே ஹாலில் 4ஜி ரவுட்டர். மகளின் ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கிச் செய்த வேலை. சிக்னலோ பழையபடி ஒரே கோடு.

குழாயை ஒட்டி இறங்கிய கேபிளைக் கையில் எடுத்தேன். பென்சிலைவிட ஒல்லி. பத்து வருடத்துக்கு முன் நானும் இதைத்தான் வாங்கி ஏமாந்தேன். இப்படி வழக்கமாக நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீளமான ஒல்லிக் கேபிள்

ஆன்டெனாவோடு 15 மீட்டர் கேபிளும் இலவசம் என்று கடையில் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது ஆர்ஜி 58 வகை. 4ஜி ஓடும் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய முக்கால் டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) போய்விடும். 15 மீட்டருக்குப் பத்துக்கும் மேல். அதாவது ஆன்டெனா பிடித்ததில் பத்தில் ஒரு பங்குகூட ரவுட்டருக்கு வராது. அட்டைப்பெட்டியில் ஆன்டெனா 12 டெசிபெல் கூட்டும் என்று போட்டிருந்தால், அதில் கையில் நிற்பது ஒன்றோ இரண்டோதான்.

“டிஷ் டிவிக்கு இருபது மீட்டர் ஓடுதேண்ணா?” என்று கேட்டார் வீட்டுக்காரர். டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்என்பி என்ற கருவி சிக்னலைப் பெருக்கி, அதிர்வெண்ணையும் குறைத்துத்தான் கேபிளில் அனுப்புகிறது. இங்கே வெறும் கம்பிதான். இன்னொன்று, ரவுட்டர் திருப்பி அனுப்பும் சக்தியே அதிகபட்சம் 200 மில்லிவாட். அதையும் கேபிள் தின்றுவிட்டால், டவர் சொல்வது நமக்குக் கேட்டாலும் நாம் சொல்வது டவருக்குக் கேட்காது.

எல்எம்ஆர் 400 போன்ற தடிமனான கேபிள் என்றால் அதே 15 மீட்டரில் மூன்று டெசிபெல் அளவுதான் போகும். ஆனால் விலை அதிகம், வளைக்கவும் வராது. அதனால் ரவுட்டரையே மேலே கொண்டுபோங்கள். அங்கே மாடிப்படி அறையின் நிழலில் ரவுட்டரை மாட்டி, கேபிளை 2 மீட்டராக வெட்டி, கீழே லேன் ஒயர் இழுத்தோம். லேன் ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். மைனஸ் 114-இல் இருந்த ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னலின் பலம், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது) மைனஸ் 104-க்கு வந்தது. ஆன்டெனா அதேதான்.

கோடுகளை நம்பித் திருப்புவது

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே என்பது, கூடினால் நல்லது) இரண்டையும் பாருங்கள். ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து, குறித்துக்கொண்டு, அப்புறம் அடுத்த திருப்பு. மலையில் பக்கத்து டவர் முகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும், தூரத்து டவர் நேராகத் தெரியும். மத்திய அரசின் தரங் சஞ்சார் தளத்தில் டவர்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கலாம்.

இரண்டு சாக்கெட், ஒரே ஆன்டெனா

ரவுட்டரில் ஆன்டெனா சாக்கெட் இரண்டு இருந்தால், ஆன்டெனாவும் இரண்டு மாட்டுங்கள். ஒன்று இந்தப் பக்கம் 45 டிகிரி, மற்றது அந்தப் பக்கம் 45 டிகிரி சாய்வாக.

போன் பேச பூஸ்டர்

போனுக்குச் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் கருவி வேண்டாம். உரிமம் இல்லாமல் வைப்பது சட்டவிரோதம், ஊர் முழுக்க சிக்னலைக் கெடுக்கும். ரவுட்டரின் வைஃபையில் போனை இணைத்து வைஃபை காலிங்கை ஆன் செய்தால் பேசலாம்.

மூடாத கனெக்டர்

கேபிள் முனையில் இருக்கும் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்க ஒரே மழை போதும். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

எர்த் இல்லாத குழாய்

அந்த வீட்டில் மின்னலுக்கான எர்த்தும் இல்லை. வகுப்பு ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், மிளகை ஓரமாக ஒதுக்கிவிட்டு, குழாயிலிருந்து தரைக்குச் செம்புக் கம்பி இறக்கினோம்.