ஆடிச் சோளகத்தில் வடமராட்சிக் கடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வடமராட்சியில், மணற்காட்டுக் கரையில் போய் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தங்கையின் மகன் ரொறன்ரோவிலிருந்து பெட்டியில் மடித்துக் கொண்டுவந்து, வாய் நோக ஊதிய இளஞ்சிவப்புக் கொக்கைத் தண்ணீரில் விட்டான். அது அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பர்மாப் பக்கம் புறப்பட்டுவிட்டது. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அத்தான் பின்னால் நீந்திப் போகப் பார்த்தார். மீனவர் குடிலான வாடியின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா எழும்பி ஓடிவந்து மறித்தார்: “தம்பி, போகாதேங்கோ. இது சோளகக் காத்து. கரையிலயிருந்து கடலுக்குத் தள்ளும். அந்தச் சாமானில பிள்ளை இருந்திருந்தா?”

பிள்ளை அதில் ஏறியிருக்கவில்லை. பதினொரு மணிபோல் தொழிலால் திரும்பிய படகொன்று கொக்கைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எண்ணெய்க் காசு கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. இந்தக் கோடையில் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: காற்றடித்து மிதக்கவிடுகிற சாமான் எதையும் வடமராட்சிக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடல் என்றதும் நம்மவர்கள் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு காரைநகர் கசூரினாவுக்கு ஓடுகிறோம். நேரமில்லையென்றால் பண்ணைப் பாலம் கடந்து வேலணைச் சாட்டி. குறை சொல்ல மாட்டேன். கசூரினாவில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. உடுப்பு மாற்ற இடமுண்டு, சவுக்கு மர நிழலுண்டு, கடைகளுண்டு. நீந்தத் தெரியாத சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கும் என் தெரிவு அதுதான், ஆனால் கிழமை நாளில். ஞாயிறு பின்னேரம் போனால் பாட்டுப் பெட்டிச் சத்தத்தில் கடல் கேட்காது.

ஒரு கிழமைக்கு மேல் ஊரில் நிற்பவர்கள் வடமராட்சிப் பக்கமும் திரும்பலாம். தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறை ஊடாகப் பருத்தித்துறை வரை கரை பெரும்பாலும் முருகைக்கல் என்கிற பவளக்கல். பார்க்க அழகு, குளிக்க உதவாது, வெறுங்காலில் இறங்கினால் பாதம் கிழியும். பருத்தித்துறைக்குப் பக்கத்தில் சக்கோட்டை முனை, இலங்கையின் வட அந்தம். அங்கே நின்று படம் எடுத்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். அந்த முனையைத் தாண்டிக் கரை தென்கிழக்காகத் திரும்புகிறது. கொஞ்ச தூரத்தில் கல் முடிந்து மணல் தொடங்கும். வல்லிபுரம், மணற்காடு, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, தாழையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று சுண்டிக்குளம் வரை ஒரே மணற்கரை. நாள் முழுக்க நடந்தாலும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவரைக் காண்பது அபூர்வம்.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் இதற்குச் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் இதே கடலில் கால் நனைக்கவும் பயம் வரும். ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் குடாநாட்டைக் குறுக்கறுத்து வந்து இந்தக் கரையில் கடலுக்கு இறங்குகிறது. அதனால்தான் அலை படுத்துக் கிடக்கிறது. மேல்பார்வைக்குக் குளம், அடிக்குணம் வேறு. கசூரினாவைப்போல் ஆழமில்லாத கரை இது இல்லை. பல இடங்களில் சில அடி எடுத்துவைத்ததும் நிலம் சட்டென்று இறங்கும். உயிர்காப்பாளர், சிவப்புக்கொடி எதையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு சட்டம்: நெஞ்சளவுக்கு மேல் யாரும் போவதில்லை, இறங்கும் முன் பக்கத்து வாடியில் “இந்த இடத்தில குளிக்கலாமோ?” என்று கேட்காமல் எவரும் இறங்குவதில்லை. ஒருதரம் “இங்க வேண்டாம், அங்கால போங்கோ” என்று கை காட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்கவில்லை, போய்விட்டோம்.

அதே சோளகம் தீவுப் பக்கத்தில் வேறு முகம் காட்டும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கிட்ட, பரவாயில்லை. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் படகில் போகவேண்டும், இந்த மாதங்களில் நல்லாய் ஆட்டும். குதிரைகளையும் பெருக்கமரத்தையும் பார்க்க ஆசைப்பட்டால் காலைப் படகில் போங்கள், வெறுவயிற்றோடு ஏறாதீர்கள்.

காற்றுக் கதையில் ஒன்று. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தபோது என் மருமகன் சிரித்தான். கச்சான் என்றால் அவனுக்கு நல்லூர்த் திருவிழாவில் சுருளில் வாங்கித் தின்கிற கடலைதான்.

நேரம் முக்கியம். விடியப்புறம் ஐந்தரைக்குக் கரையில் நில்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல் மணல் சுடத் தொடங்கிவிடும், பின்னேரம் நாலரை வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். வேறு நாட்டிலிருந்து வரும் உடலுக்கு நேர வித்தியாசத்தால் நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடும், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிற கரை இது. அஸ்தமனம் பார்க்க ஆசைப்பட்டால் மேற்கே காரைநகருக்கோ பண்ணைக்கோதான் போகவேண்டும்.

விடியப்போனால் கரைவலை இழுப்பதைக் காணலாம். தாழையடிப் பக்கத்தில் நாங்கள் பார்த்தது இது. படகு வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வந்திருக்கிறது. இரண்டு கயிற்று முனையும் கரையில், இடையில் இருநூறு முந்நூறு மீற்றர் தூரம். ஒவ்வொரு முனையிலும் எட்டுப் பத்துப் பேர் இடுப்பில் பட்டியைக் கொழுவிப் பின்பக்கமாக நடக்கிறார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு முன்னால் ஓடிப்போய் மறுபடி தொடங்குகிறார். முன்பு அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்களாம். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரம் இழுக்கிறது, பாட்டுக்கு வேலையில்லை. வலையின் மடி கரைக்கு வந்து அவிழ்ந்ததும் சூடை மீனும் கீரி மீனும் வெள்ளிக்காசு கொட்டியதுபோல் துடித்தன. நடுவில் இரண்டு பாரை, ஒரு கணவாய், ஒரு பிளாஸ்ரிக் போத்தல். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி போத்தலை எடுத்து வாடிப் பக்கம் எறிந்தார். பிள்ளைகளைக் கயிறு பிடிக்க விடச் சொல்லிக் கேட்டால் விடுவார்கள். ஆனால் மடி அவிழும்போது முன்னால் ஓடிப்போய்க் கைபேசியை நீட்டாதீர்கள். முதலில் அவர்கள் விலை பேசட்டும். மீன்பாடு நன்றாயிருந்தால் உங்களுக்கும் ஒரு கை சூடை கிடைக்கும்.

மீன்பாடு குறைந்த நாட்களில் கதை வேறாகப் போகும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப்படகுகளுக்குத் தடை. தடை முடிந்தபின் இழுவைமடிகள் எல்லை தாண்டி வந்து வலைகளை அறுத்துப்போவதாக இந்தக் கரையில் வருடக்கணக்கான முறைப்பாடு. நீங்கள் போகிற மாதத்தில் அந்த ஆத்திரம் சூடாகவே இருக்கும். கேட்டால் சொல்வார்கள், இரு பக்கமும் தமிழர்தானே என்று உபதேசம் சொல்லப் போகாதீர்கள்.

உடுப்பு விஷயத்தில் பெண்பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் நடக்கிற சண்டை எங்கள் வீட்டிலும் நடந்தது. கடைசியில் வெயிலுக்கென்று வெளிநாட்டில் விற்கிற முழுக்கை நீச்சல் மேற்சட்டையும் முழங்கால் மூடிய காற்சட்டையும் சண்டையைத் தீர்த்தன. ஊர்க்கண்ணுக்கும் சரி, தோலுக்கும் சரி. ஆண்களும் அதையே போடலாம், வெறும் மேலோடு திரிந்து இரண்டாம் நாள் முதுகு உரிந்து படுத்த அத்தானைக் கேளுங்கள். வெயில் களிம்பை அங்கிருந்தே கொண்டுபோங்கள். குளித்தபின் உப்புக் கழுவ இங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது, இருபது லீற்றர் கான் ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பி வானில் வையுங்கள். ஊர்க் கிணற்றில் குளிக்கலாம், கேட்டுவிட்டு. சொறி என்கிற ஜெலிமீன் பட்டால் கடல்தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணல் போட்டுத் தேய்ப்பதும் எரிவைக் கூட்டும்.

மணற்காட்டில் கடலோடு சேர்த்து மணலையும் பாருங்கள். குன்றுகுன்றாக மணல், அதற்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள், அப்பால் சவுக்கங்காடு. அந்தச் சுவர்களில் ஏறி நின்று படமெடுக்கிறார்கள்; முருகைக்கல்லும் சுண்ணாம்பும் உதிர்கிற சுவர், ஏறாதீர்கள். கத்தோலிக்க ஊர், ஞாயிறு காலையில் பெரும்பாலும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். கரைவலை பார்க்க நினைத்தால் வேறு நாளில் வாருங்கள்.

இந்தக் கரை முழுவதையும் 2004 மார்கழி 26 அள்ளிக்கொண்டு போனது. அதற்கு முன்னும் பின்னும் போர். உடுத்துறையில் சுனாமி நினைவாலயம் இருக்கிறது. வீதியில் கதை கொடுக்கிற நாற்பது வயதுக்காரர் எவருக்கும் அன்றைக்கு யாரோ ஒருவர் போயிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள். நாகர்கோவில், முகமாலைப் பக்கம் நெடுங்காலம் முன்னரங்காக இருந்த நிலம். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால் அந்த எல்லைக்குள் ஒரு அடியும் வைக்கவேண்டாம், பற்றைக்குள் ஒதுங்குவதற்குக்கூட. இராணுவ, கடற்படை முகாம்கள் கரையோரத்தில் அங்கங்கே உண்டு, அவற்றைப் படமெடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டுபோக யோசித்தால், அனுமதி எடுக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். குடாநாட்டில் படையினர் நடத்துகிற கடலோர விடுதிகளும் இருக்கின்றன. அறை நல்லது என்கிறார்கள். நான் தங்கியதில்லை, தங்கப்போவதுமில்லை. மற்றவர்கள் அவரவர் மனதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

போக்குவரத்து லேசு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு 750 இலக்க பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கப்பால் பஸ் குறைவு, ஓட்டோ பிடிக்கலாம். ஓட்டோக்காரரிடம் போகவரவும் காத்திருக்கவும் சேர்த்து முதலே பேசிக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வானில் வருபவர்கள் ஏ-9 வீதியில் பளைக்குக் கிட்டப் புதுக்காட்டுச் சந்தியில் திரும்பினால் நேரே மருதங்கேணி. சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பலாலிக்கு விமானம் உண்டு. காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்துக் கப்பலும் 2023 ஒக்ரோபரில் தொடங்கியது. கடலும் காலமும் பார்த்துத்தான் ஓடும், ரிக்கற் போடும் முன் விசாரியுங்கள். கிழக்குக் கரையில் தங்க இடம் குறைவு. பருத்தித்துறை, நெல்லியடிப் பக்கம் அறை எடுத்துக்கொண்டு விடியப்போய் வருவதுதான் வசதி.

நல்லூர்க் கொடியேற்றம் பெரும்பாலும் இந்தப் பயணத்துக்குள் விழும். 25 நாள் திருவிழா, தேர் 24ஆம் நாள். அந்தக் கடைசிக் கிழமையில் யாழ் நகரில் அறை தேடி அலையவேண்டாம், முன்கூட்டியே போடுங்கள். ஆடியமாவாசையன்று கீரிமலை நிரம்பிவழியும். தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்யப் போகிறவர்கள் அன்று போகத்தான் வேண்டும், கேணியில் பிள்ளைகளோடு குளிக்க நினைப்பவர்கள் இன்னொரு நாள் போங்கள். கடலுக்கு ஒரு சுவர் இப்பால் நல்ல தண்ணீர் ஊறுகிற அந்தக் கேணியில் கடல் உப்பைக் கழுவுகிற சுகம் வேறெங்கும் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கேணி. தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதிக்குப் போனால் அன்னதானம் சாப்பிடாமல் வராதீர்கள்.

சாப்பாட்டுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று: கரையில் வாங்கிய மீனைக் கடையில் கொடுத்துச் சமைக்கச் சொல்வதைவிட, சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைக்குப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழுக்கு அடுப்பு மூட்டிவிடுவார்கள். நண்டு, றால், கணவாய், மீன்தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் விழும். பனையோலையில் மடித்த பிளாவில் குடிக்கவேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் முதல்நாள் உறைப்பில் அழுவார்கள், இரண்டாம் நாள் அவர்களே கேட்பார்கள்.

புறப்படுகிற அன்றைக்குப் பருத்தித்துறைச் சந்தையடியில் தட்டை வடை வாங்குங்கள். முன்கூட்டி வாங்கினால் விமானநிலையம் வரை மிஞ்சாது. பெட்டியில் உடுப்புக்கு அடியில் வைத்தால் தூளாகிவிடும், பிஸ்கற் தகரப் பேணியில் அடுக்கிக் கைப்பையில் கொண்டுபோங்கள். அந்தக் கொக்கின் காற்றைத் திறந்துவிட்டு, பேணியைச் சுற்றி மடித்துத்தான் நாங்கள் கொண்டுவந்தோம். ஒரு வடைகூட உடையவில்லை.