கலிபோர்னியாவில் காவலர் மீதான புகார்ப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் முறை

கலிபோர்னியாவில் ஒரு காவலர் மீது நீங்கள் கொடுக்கும் முறைகேட்டுப் புகார் எத்தனை ஆண்டுகள் கோப்பில் இருக்கும், அதை யாரெல்லாம் பார்க்க முடியும் என்பவை விசாரணை முடிவில் எழுதப்படும் ஒரு சொல்லைப் பெரிதும் பொறுத்தவை. அது ‘சஸ்டெயின்ட்’, அதாவது குற்றச்சாட்டு மெய்ப்பட்டது என்பதாகும். மெய்ப்பட்டிருந்தால் குறைந்தது 15 ஆண்டுகளும், இல்லையென்றால் குறைந்தது 5 ஆண்டுகளும் பதிவுகளைத் துறை பாதுகாக்க வேண்டும் என்கிறது தண்டனைச் சட்டத்தின் 832.5ஆம் பிரிவு.

ஆகவே புகாரைப் பதியும்போதே உங்கள் வாக்குமூலத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், 832.7ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. முடிவெடுத்த 30 நாள்களுக்குள் துறை உங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பிறர் தொடர்பான பதிவுகள் நெடுங்காலம் மூடியே கிடந்தன. 1974ஆம் ஆண்டின் பிட்செஸ் வழக்கிலிருந்து வளர்ந்த நடைமுறைப்படி, வழக்கில் சம்பந்தப்பட்டவர் நீதிபதியிடம் மனு செய்தே அவற்றைப் பெற முடிந்தது. 2019 ஜனவரி 1 முதல் செனட் மசோதா 1421 அந்தக் கதவைத் திறந்தது. ஒருவரை நோக்கிச் சுட்ட நிகழ்வுகளும், மரணமோ கடுங்காயமோ விளைவித்த பலப்பிரயோகமும் விசாரணை முடிவு எதுவானாலும் வெளியிடப்பட வேண்டியவை. பாலியல் வன்முறை, பொய்யுரைத்தல், அளவுமீறிய பலம், பாகுபாடு, சட்டவிரோதக் கைது அல்லது சோதனை ஆகியவை மெய்ப்பட்டிருந்தால் மட்டுமே வெளிவரும்; இவற்றுள் அளவுமீறிய பலம் முதலான கடைசி மூன்று வகைகள் 2022 முதல் சேர்ந்தவை. விசாரணை முடியுமுன் அதிகாரி பதவி விலகினாலும் இத்தகைய பதிவுகள் மறைக்கப்படக் கூடாது என்பது, என் கருத்தில், மிகத் தேவையான திருத்தம்.

துறைக்கு எழுதும் கோரிக்கையில் நாள், இடம், நிகழ்வு, மேற்கண்டவற்றுள் எந்த வகை என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. வெளியிடத்தக்க பதிவுகள் 45 நாள்களுக்குள் தரப்பட வேண்டும். குற்றவியல் விசாரணை நடந்துகொண்டிருந்தால் தாமதத்தை அனுமதிக்கும் விதிகள் உண்டு. வீட்டு முகவரியும், புகார்தாரர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளமும் மறைக்கப்பட்டே நகல் வரும், அது நியாயமானது. தேடவும் மறைக்கவும் ஆகும் செலவைத் துறை உங்களிடம் வசூலிக்க முடியாது, நகலெடுக்கும் நேரடிச் செலவு மட்டுமே உங்களுடையது.

காப்புக் காலம் முடியும் தறுவாயில் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், ஏனெனில் கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்வரை அப்பதிவை அழிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. மறுத்தால், எந்த விலக்கின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்று, அந்தக் கடிதத்துடன் உயர்நிலை நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யலாம்.